ஓ: லோஃபோட்டனின் கடைசி ஊர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோர்வேயின் வடமேற்குக் கரையில் நீண்டு கிடப்பது லோஃபோட்டன் தீவுக்கூட்டம். அதில் மொஸ்கெனெஸ் தீவின் தெற்கே, சாலை முடிகிற இடத்தில் இருக்கும் மீனவ ஊர் ‘ஓ’. நிரந்தரமாக வசிப்பவர்கள் நூறு பேர் அளவில்தான். படங்களில் பார்க்கிறவர்களுக்குச் சிவப்பு வீடுகளும் மலையும் கடலும் கண்ணில் படும். அந்த வீடுகள் ஏன் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கின்றன, ஏன் சிவப்பு, பாறை மேலெல்லாம் ஏன் மரப் பரண்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் எல்லா விடையும் காட் என்ற ஒரே மீனில் வந்து நிற்கும். வாசகர்கள் அதிகம் கேட்கும் கேள்விகளுக்கு அந்த மீனை வைத்தே இங்கே பதில் சொல்கிறோம்.

ஊருக்கு ஒரே எழுத்தில் பெயரா?

ஆம். நோர்வே மொழி அரிச்சுவடியின் கடைசி எழுத்துதான் ஊரின் பெயர். ஆங்கில ‘ஏ’ எழுத்தின் தலையில் ஒரு சிறு வட்டம் போட்டு எழுதுவார்கள், நம் ‘ஓ’ போல உச்சரிப்பார்கள். ஓடை, சிற்றாறு என்று பொருள். 1917 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு இரண்டு ‘ஏ’ சேர்த்து எழுதினார்கள். நம் இலக்கணம் படித்தவர்களுக்கு ‘ஓரெழுத்து ஒருமொழி’ நினைவுக்கு வரும். அந்தப் பட்டியலிலும் ‘ஓ’ உண்டு, மதகில் நீரைத் தாங்கும் பலகை என்று பொருள். இரு மொழிக்கும் உறவு எதுவும் கிடையாது. ஆனாலும் இரண்டு இடத்திலும் ‘ஓ’ தண்ணீர்ப் பக்கத்தில் இருப்பது ஓர் அழகான தற்செயல்.

எப்படிப் போய்ச் சேருவது?

இரண்டு வழி. நிலப்பரப்பில் உள்ள பூடோ நகரிலிருந்து மொஸ்கெனெஸ் துறைக்குக் கார் ஏற்றும் படகு உண்டு. நேரடிப் பயணம் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். இறங்கியதும் ஓ ஐந்து கிலோமீட்டர்தான். மற்றது சாலை வழி. ஸ்வீடனின் லூலியோவில் தொடங்கும் இ10 நெடுஞ்சாலை ஏறத்தாழ 850 கிலோமீட்டர் ஓடி, ஒரு சிறு சுரங்கப்பாதையைக் கடந்து, ஓ ஊரின் வாகன நிறுத்தத்தில் முடிகிறது. தீவுகளுக்கு இடையே பாலங்களும் கடலடிச் சுரங்கங்களும் இருப்பதால் இந்த வழியில் படகு தேவையில்லை. நிலப்பரப்போடு படகில்லா இணைப்பு 2007 டிசம்பரில்தான் முழுமையானது. அதற்கு முன் எங்கேயாவது ஒரு துறையில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

ஸ்வோல்வேர் நகரிலிருந்து ஓ 130 கிலோமீட்டர் அளவு. வரைபடத்தைப் பார்த்து ஒன்றரை மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். சாலை குறுகல், வளைவுகள் அதிகம், கோடையில் கேரவன் வண்டிகள் நிறைய. இரண்டரை மணி நேரமாவது வையுங்கள்.

துருவ வட்டத்துக்கு மேலே இருக்கும் ஊர் பனியில் உறைந்துவிடாதா?

உறையாது. ஓ வடக்கே 68 பாகையை ஒட்டி இருக்கிறது. அதே அட்சரேகையில் உலகின் வேறு பகுதிகளில் கடலே கட்டியாகிவிடும். இங்கே அட்லாண்டிக்கின் வெந்நீரோட்டம் கரையை உரசிப் போவதால், நடுக் குளிர்காலத்திலும் சராசரி வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கிறது. துறைமுகம் குளிர்காலம் முழுக்கத் திறந்திருக்கும். இந்தப் பூஜ்ஜியம்தான் ஊரின் மூலதனம். எப்படி என்பது மீன் உலர்த்தும் கேள்வியில் வருகிறது.

ஸ்க்ரை என்கிறார்களே, அது காட் மீன்தானா?

காட் மீனேதான், ஆனால் பயணம் போகும் காட். வடக்கே பேரன்ட்ஸ் கடலில் வளர்ந்து, முட்டையிடும் பருவம் வந்ததும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தித் தெற்கே வருகிறது. ‘அலைந்து செல்வது’ என்ற பொருளுள்ள பழைய நோர்ஸ் சொல்லிலிருந்து வந்த பெயர் ஸ்க்ரை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை லோஃபோட்டனுக்கும் நிலப்பரப்புக்கும் நடுவே உள்ள வெஸ்ட்ஃபியோர்டில் கூடுகிறது. மேலே குளிர்ந்த நீர், கீழே வெதுவெதுப்பான நீர், இரண்டும் கலக்கும் 4 முதல் 6 டிகிரி அடுக்கில் முட்டையிடும். அந்த அடுக்கு எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வலையை எவ்வளவு இறக்குவது என்பது தீர்மானமாகும்.

நீண்ட பயணத்தில் தசை இறுகி, சதை வெண்மையாக, கொழுப்பு குறைவாக இருக்கும். கொழுப்பெல்லாம் ஈரலில். சதையில் கொழுப்பில்லாததால் காற்றில் வைத்தால் எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்காது. மத்தியையோ அயிலையையோ இப்படி உலர்த்த முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

பாறை மேல் தெரியும் மரப் பரண்களில் என்ன நடக்கிறது?

அந்தப் பரணுக்கு ‘யெல்’ என்று பெயர். நட்டு நிற்கும் கம்பங்கள், அவற்றின் மேல் குறுக்குக் கழிகள். சில தட்டையானவை, சில கூரை போல இருபுறமும் சரிந்தவை. அதில் தொங்குவது உப்பே இல்லாமல் உலர்த்தும் காட் மீன், ‘தொர்ஃபிஸ்க்’. நம் கருவாட்டில் பெரும்பாலும் உப்பும் வெயிலும் வேலை செய்கின்றன. இங்கே இரண்டும் இல்லை. குளிரும் காற்றும் மட்டும்.

மீன் கரைக்கு வந்த அன்றே வேலை தொடங்கிவிடும். தலையை நீக்கி, குடலை எடுத்து, வயிற்றின் உட்புறத்தை நன்றாகக் கழுவுவார்கள். ரத்தம் தங்கினால் அந்த இடம் கறுத்துவிடும். பிறகு ஒரே அளவுள்ள இரண்டு மீன்களைத் தேடி எடுத்து, வால்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டுவார்கள். அளவு ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்? ஒன்று கனமாகவும் ஒன்று லேசாகவும் இருந்தால் கழியில் சமநிலை கெட்டு ஜோடி நழுவும். சிறிய மீன் காய்ந்து முடிந்த பிறகும் பெரியது உள்ளே ஈரமாகவே கிடக்கும். கட்டிய ஜோடியைக் கழியின் இருபுறமும் ஒவ்வொன்றாகத் தொங்கும்படி போடுவார்கள். பக்கத்து ஜோடியோடு உரசக் கூடாது. உரசும் இடத்தில் காற்று புகாது, அங்கிருந்துதான் புளிப்பு தொடங்கும்.

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை ஏற்றியவை மே கடைசியிலோ ஜூனிலோ இறங்கும். பிறகு காற்றோட்டமுள்ள கிடங்கில் மேலும் இரண்டு மூன்று மாதம் ஆறவிடுவார்கள். தொடக்கத்தில் மீனில் 80 சதவீதம் தண்ணீர், முடிவில் 15 சதவீதத்தை ஒட்டி. ஐந்து கிலோ பச்சை மீன் ஒரு கிலோ உலர்மீனாகும் என்பது வழக்கமான கணக்கு. கையில் தட்டினால் விறகுக் கட்டை மாதிரி சத்தம் வரும்.

இதில் என்னென்ன தவறிப்போகும்?

நிறைய. இதை விரிவாகச் சொல்லக் காரணம், மற்ற கரையோரங்களில் எளிதில் கைகூடாத வேலை இங்கே ஏன் கூடுகிறது என்பது இதில்தான் விளங்கும்.

முதல் எதிரி கடும் உறைபனி. ஏற்றிய முதல் வாரங்களில் வெப்பம் பூஜ்ஜியத்துக்கு மிகக் கீழே போய் அங்கேயே நின்றால், தசைக்குள் இருக்கும் நீர் கட்டியாகி நார்களைக் கிழித்துவிடும். காய்ந்த பிறகு அந்த மீன் பஞ்சு போல இருக்கும். எடைக்குத் தேறும், தரத்துக்குத் தேறாது. அடுத்த எதிரி வெப்பம். ஏப்ரலில் திடீரென்று வெயில் அடித்தால் ஈக்கள் வந்து கழுத்து வெட்டில் முட்டையிடும். மேற்பரப்பு இறுகிய மீனில் புழு துளைக்க முடியாது. ஆகவே ஈக்கள் கிளம்பும் முன்பே மேல் பட்டை கட்டியிருக்க வேண்டும் என்பதால்தான் தாமதமாகப் பிடித்த மீனைத் தொங்கவிட யோசிப்பார்கள். மூன்றாவது, காற்றில்லாத தொடர் மழை. மீன் வழுவழுப்பாகி, பூசணம் புள்ளி புள்ளியாக வரும். மழை மட்டும் பெய்தால் கவலை இல்லை, பின்னால் காற்று வந்து துடைத்துவிடும்.

பறவைகள் தனிக் கதை. காக்கையும் கடற்காகமும் கொத்தாமலிருக்கப் பரண்கள் மேல் வலை போர்த்துவார்கள்.

ஆக வேண்டியது பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பம், கடலிலிருந்து நிற்காமல் வீசும் காற்று, ஈக்கள் இல்லாத மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் மீன் வரும் மூன்று மாதமும் ஒன்றாக அமைந்த இடம் லோஃபோட்டன்.

தரம் பிரிப்பது யார்?

‘வ்ராக்கர்’ என்று அழைக்கப்படும் கைதேர்ந்தவர்கள். ஒவ்வொரு மீனாகக் கையில் எடுத்து, நீளம் பார்த்து, கழுத்து வெட்டை முகர்ந்து, முதுகை அழுத்தி, வயிற்றுக்குள் கண்விட்டுப் பிரிப்பார்கள். ஏறத்தாழ இருபது தரங்கள் உண்டு. உச்சியில் இருப்பது ‘ரான்யோ’, 60 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு மெலிந்து ஒரு குறையும் இல்லாத மீன். பல தரங்களின் பெயர்கள் இத்தாலிய மொழியில் இருப்பது வாங்குபவர் யார் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

நோர்வே மீனை இத்தாலிக்காரர்கள் ஏன் தேடி வாங்குகிறார்கள்?

1431இல் கிரீட்டிலிருந்து ஃபிளாண்டர்ஸ் நோக்கி மதுப் பீப்பாய்களோடு கிளம்பிய வெனிஸ் வணிகர் பியெத்ரோ குவெரினியின் கப்பல் புயலில் உடைந்தது. 68 பேரில் 11 பேர் மட்டும் 1432 ஜனவரியில், லோஃபோட்டனின் தென்மேற்குக் கோடியான ரோஸ்ட் தீவருகே கரை ஒதுங்கினார்கள். உள்ளூர் மீனவர்கள் அவர்களை மே மாதம் வரை வீட்டில் வைத்துக் காப்பாற்றினார்கள். குவெரினி எழுதி வைத்த குறிப்பில் உலர்மீனும் வருகிறது. திரும்பும்போது அதைக் கொண்டும் போனார். வெனிஸ் பக்கத்து விசென்சா நகரின் புகழ்பெற்ற பக்கலா உணவு இன்றும் இந்த மீனில்தான் ஆகிறது. ‘பக்கலா’ என்றால் இத்தாலியின் மற்ற இடங்களில் உப்பிட்ட காட், விசென்சா இருக்கும் வெனெட்டோ பகுதியில் உப்பில்லா உலர்மீன். கடையில் குழம்பிப்போகிறவர்கள் பலர்.

ஆனால் ஏற்றுமதி குவெரினியோடு தொடங்கவில்லை. வைக்கிங் காலத்திலேயே வடக்கு நோர்வே மீன் இன்றைய ஜெர்மனியின் ஹைத்தபு சந்தை வரை போயிருக்கிறது என்பதை அங்கே கிடைத்த எலும்புகளின் மரபணு காட்டியது. பிற்காலத்தில் நோர்வேயின் பெர்கன் துறைமுகத்தில் உட்கார்ந்த ஹன்சா என்ற ஜெர்மன் வணிகக் கூட்டமைப்பினர் தானியம் கொடுத்து மீன் வாங்கினார்கள். இடைக்கால நோர்வேயின் முதன்மையான ஏற்றுமதிச் சரக்கு இதுவே.

தலைகளை என்ன செய்கிறார்கள்?

வீணாக்குவதில்லை. கயிற்றில் கோத்துத் தனிப் பரணில் காயவைத்து, பெரும்பகுதியை நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். குழம்புகளில் சுவைக்காகப் போடுவார்கள். இக்போ மக்கள் உலர்மீனை ‘ஒக்போரோக்கோ’ என்கிறார்கள், சட்டியில் கடகடவென்று சத்தம் போடுவது என்று பொருள். 1967–70 பையாஃப்ரா போரின்போது (நைஜீரிய உள்நாட்டுப் போர்) நிவாரணமாகப் போன உணவுகளில் இந்த மீனும் உண்டு. கெடாது, குளிர்பெட்டி வேண்டாம், புரதம் செறிந்தது.

காயும் முன் நாக்கை வெட்டி எடுப்பது பிள்ளைகளின் வேலை. பலகையில் நிமிர்ந்து நிற்கும் ஓர் இரும்பு முள். அதில் தலையைக் குத்தி இறக்கினால் வாய் பிளந்து நாக்கு மேலே வரும். கத்தியை ஒரு இழுப்பு, அடுத்த தலை. பள்ளி முடிந்து வந்து ஒரு பருவத்தில் நல்ல தொகை சேர்த்துவிடும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பணம் அவர்களுக்கே. நாக்கை மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்துச் சாப்பிடுவார்கள்.

கடலுக்குள் கால் ஊன்றிய சிவப்பு வீடுகள் யாருடையவை?

அவை ‘ரூர்பு’. ‘ரூ’ என்றால் துடுப்புப் போடுவது, ‘பு’ என்றால் தங்குமிடம். வெளியூர்களிலிருந்து குளிர்காலத்துக்கு மட்டும் திறந்த படகுகளில் துடுப்புப் போட்டு வந்த மீனவர்களின் கொட்டகைகள். வாகன் என்ற ஊரில் அரசர் ஓய்ஸ்டைன் 1120 வாக்கில் கட்டவைத்தவை இவற்றில் பழமையானவை என்கிறது வரலாறு. பாதி பாறையிலும் பாதி மரக் கால்களிலும் நிற்கக் காரணம் எளிது. படகை நேரே அடியில் கொண்டுவந்து கட்டலாம், மீனை மேலே தூக்கலாம். முன் அறையில் வலையும் தூண்டிலும் உணவுப் பெட்டிகளும், உள் அறையில் அடுப்பும் சுவரோடு பொருத்திய பலகைப் படுக்கைகளும். ஒரு படுக்கைக்கு இரண்டு பேர், ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர், நடுவில் காய்வதற்குத் தொங்கும் நனைந்த கம்பளி உடுப்புகள்.

சிவப்புக்கு அழகு காரணமல்ல, விலை காரணம். இரும்புச்சத்துள்ள மண்ணை மீன் எண்ணெயில் குழைத்தால் மலிவான சாயம் கிடைத்தது, மரத்தையும் காத்தது. வெள்ளைச் சாயம் விலை உயர்ந்தது. ஆகவே வெள்ளை வீட்டைக் கண்டால் அது முதலாளி வீடு என்று பழைய நாளில் துணிந்து சொல்லலாம். இன்று பெரும்பாலான ரூர்புகள் சுற்றுலாத் தங்குமிடங்கள்.

முதலாளி என்றால்?

நிலம், கொட்டகை, கடை, மீன் வாங்கும் உரிமை நான்கையும் ஒரே கையில் வைத்திருந்த துறை உரிமையாளர். மீனவர் அவரிடம் வாடகைக்குத் தங்கி, அவரிடமே மீனை விற்று, அவர் கடையிலேயே மாவு வாங்கி, கடனோடு ஊர் திரும்பினார். ஓ ஊரின் அழகைப் பேசும்போது இதை விட்டுவிடுவது நியாயமில்லை. 1857 சட்டம் கடலில் எங்கு வலை போடுவது என்பதைத் துறை முதலாளிகளின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. 1890இல் நீராவிக் கப்பல்கள் ட்ரோல்ஃபியோர்டு என்ற குறுகிய கடற்கழியின் வாயை வலையால் அடைத்து மீனை வளைத்தபோது, துடுப்புப் படகு மீனவர்கள் மோதி உள்ளே புகுந்தார்கள். சில ஆண்டுகளில் அந்த வலைக்குத் தடை வந்தது. விலையைத் தாங்களே பேசும் உரிமை 1938 மீன் விற்பனைச் சட்டத்தோடு மீனவர் அமைப்பின் கைக்கு வந்தது. 1890களில் ஒரு பருவத்துக்கு 30,000க்கும் மேற்பட்டோர் லோஃபோட்டனில் மீன் பிடித்தார்கள் என்பதை வைத்து இந்தச் சட்டங்களின் எடையைப் பாருங்கள்.

மீன் எண்ணெய் மாத்திரைக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பழைய முறையில் ஈரல்களைப் பீப்பாயில் போட்டு அழுகவிட்டு, மேலே மிதக்கும் பழுப்பு எண்ணெயை அள்ளினார்கள். விளக்கெரிக்கவும் தோல் பதனிடவும் போனது, குடித்தவர் முகம் சுளித்தார்கள். 1850களில் மருந்தாளர் பீட்டர் மோலர், புத்தம் புதிய ஈரலை நீராவியால் சூடாக்கித் தெளிந்த எண்ணெய் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய்க்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்தாக அது உலகெங்கும் போனது. ஓ ஊரின் அருங்காட்சியகத்தில் பழைய ஈரல் எண்ணெய்க் கொட்டகையும் கொப்பரையும் அப்படியே இருக்கின்றன.

இதே எண்ணெய் போரையும் இழுத்து வந்தது. மீன் எண்ணெயிலிருந்து கிளிசரின், அதிலிருந்து வெடிமருந்து. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி நோர்வேயைப் பிடித்து வைத்திருந்த காலம் அது. 1941 மார்ச் 4 அன்று பிரிட்டிஷ், நோர்வே வீரர்கள் ஸ்வோல்வேர், ஸ்தாம்சுண்ட் உள்ளிட்ட நான்கு ஊர்களில் இறங்கி எண்ணெய் ஆலைகளைத் தகர்த்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று, ஓவுக்குப் பக்கத்து ஊரான ரைனேயிலும் மொஸ்கெனெஸிலும் இறங்கினார்கள்.

ஊருக்குள் எதைத் தவறவிடக் கூடாது?

மீனவ ஊர் அருங்காட்சியகம் தனிக் கட்டடமல்ல. படகுக் கொட்டகை, கொல்லுப் பட்டறை, எண்ணெய்க் கொட்டகை, ரூர்பு என்று ஊருக்குள் பரவிய பழைய கட்டடங்களே அது. 1844இல் கட்டிய ரொட்டிச் சாலையில் கோடையில் இலவங்கப்பட்டை பன் சுட்டு விற்கிறார்கள். காலையிலேயே போங்கள். உலர்மீனுக்கென்று தனி அருங்காட்சியகமும் உண்டு.

தலையை நிமிர்த்தியும் பாருங்கள். சன்னல் விளிம்புகளிலும் சுவர்ச் சட்டங்களிலும் கிட்டிவேக் என்ற சிறு கடற்காகங்கள் வரிசையாகக் கூடு கட்டியிருக்கும். எச்சமும் இரைச்சலும் தாங்க முடியாது என்று வருகிறவர்கள் சொல்வதுண்டு. நோர்வேயில் இப்பறவையின் எண்ணிக்கை மிகவும் சரிந்து, அருகிவரும் இனமாகச் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. கூட்டைத் தட்டிவிடுவதும் கிட்டே போய்ப் படமெடுப்பதும் வேண்டாம்.

எந்த மாதம் போகலாம்?

பெரும்பாலோர் ஜூலையில் போகிறார்கள். எங்கள் பரிந்துரை மார்ச். பரண்கள் நிறைந்திருக்கும், படகுகள் மாலையில் மீனோடு திரும்பும், உணவகங்களில் மீனும் ஈரலும் சினையும் சேர்த்து அவித்த ‘மோல்யே’ கிடைக்கும், இரவு தெளிந்தால் வடதுருவ ஒளி. பல தங்குமிடங்களும் ரொட்டிச் சாலையும் அப்போது மூடியிருக்கலாம், முன்கூட்டியே விசாரியுங்கள். ஜூலையில் பரண்கள் வெறுங்கழிகளாக நிற்கும்.

நள்ளிரவுச் சூரியனுக்காகப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மே கடைசியிலிருந்து ஜூலை நடு வரை சூரியன் மறைவதில்லை, ஆனால் ஓ ஊருக்கு வடக்கே மலை நிற்பதால் ஊருக்குள்ளிருந்து நள்ளிரவில் சூரியனைக் காண முடியாது. வடக்குக் கடலைப் பார்த்திருக்கும் எக்கும், உட்டக்லெயிவ் போன்ற இடங்களுக்குப் போக வேண்டும்.

வருகிறவர்கள் செய்யும் பொதுவான தவறுகள்?

குறுகிய சாலையில் எதிர் வண்டிக்கு ஒதுங்கவென்று விட்ட இடத்தில் காரை நிறுத்திப் படம் எடுப்பது முதல் தவறு. அவசர ஊர்தியும் அதே சாலையில்தான் வர வேண்டும். கூடாரம் போட நோர்வே சட்டம் இடம் தருகிறது. ஆனால் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், உள்ளூர்த் தடைகளும் உண்டு. தொங்கும் மீனைத் தொட்டுப் பார்ப்பது, பரண் கழியில் ஏறுவது கூடவே கூடாது. அது ஒருவருடைய ஆண்டு வருமானம்.

ரைனேபிரிங்கன் மலைக்கு (448 மீட்டர்) நேபாள ஷெர்ப்பாக்கள் கட்டிய ஏறத்தாழ 2,000 கற்படிகள் உள்ளன. மழையில் படிகள் வழுக்கும், இறங்குவதில்தான் ஆபத்து.

உலர்மீன் வாங்கி வந்தால் எப்படிச் சமைப்பது?

பொறுமை வேண்டும். முழு மீனை ரம்பத்தால் கைப்பிடி அளவுத் துண்டுகளாக அறுங்கள். கத்தி இறங்காது. பெரிய பாத்திரத்தில் மூழ்கும் அளவு குளிர்ந்த நீர் ஊற்றி, மூடி, குளிர்பெட்டியில் ஐந்திலிருந்து ஏழு நாள் ஊறவிட்டு, தினமும் நீரை மாற்றுங்கள். நம் ஊர் வெப்பத்தில் வெளியே வைத்தால் இரண்டாம் நாளே கெட்டுவிடும். அதிகம் பேர் தவறுவது இங்கேதான். தடித்த பகுதியை அழுத்தினால் நடுவில் கெட்டியான தண்டு தட்டுப்படாதவரை ஊற வேண்டும். ஊறியதும் தோலையும் முள்ளையும் நீக்கி, சிறு தீயில் வேகவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க விட்டால் நார் நாராகி ரப்பர் போலாகிவிடும். உப்பு ஏற்றாத மீன் என்பதால் கருவாட்டுக் குழம்புக் கணக்கில் உப்பைக் குறைக்காதீர்கள், மீன் குழம்புக்குப் போடும் அளவே போடுங்கள்.